பழைய நூலுக்குப் புதிய பதிப்பு: சிறு பதிப்பகம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அச்சில் இல்லாத ஒரு நல்ல நூலை மறுபடி வாசகர் கைக்குக் கொண்டுவர இன்று பெரிய முதல் தேவையில்லை. 300 பிரதி அச்சிட்டுக்கொண்டு தொடங்கலாம். ஆனால் பொறுமை நிறைய வேண்டும். மறுபதிப்பு என்றால் பழைய பிரதியைத் தட்டச்சு செய்து புது அட்டை போடுவது என்று நினைத்துப் பலர் இறங்குகிறார்கள். நீங்கள் போடும் பதிப்பே அடுத்த முப்பது நாற்பது ஆண்டுக்கு அந்த நூலின் ஒரே பதிப்பாக இருக்கக்கூடும். ஆய்வு மாணவர் அதிலிருந்துதான் மேற்கோள் காட்டுவார். அடுத்த பதிப்பாளர் அதை வைத்துத்தான் வேலை செய்வார். அதில் விடுபட்ட வரி விடுபட்டதுதான். ஆகவே முதல் செலவும் பெரிய செலவும் பாடத்துக்கே, அதாவது நூலின் மூல எழுத்துக்கே, ஆகட்டும். அட்டை அதற்குப் பிறகு.

கீழே உள்ளவை தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, ஒரு நாவலையோ கதைத் தொகுப்பையோ கட்டுரை நூலையோ முதல்முறையாக மறுபதிப்பாகக் கொண்டுவருபவருக்கு.

1. நூலைத் தேர்ந்தெடுத்தல்

புகழ்பெற்ற பெயர்களை முதலில் தொடாதீர்கள். நாட்டுடைமையான, அதாவது அரசு உரிமை பெற்றுப் பொதுவாக்கிய, பெரிய எழுத்தாளரின் நூலை ஏற்கெனவே பத்துப் பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டிருக்கும். உங்களுக்கு இடம் இருப்பது இரண்டாம் வரிசையில்: ஒரே பதிப்போடு நின்றுபோன நாவல், பத்திரிகையில் தொடராக வந்து நூலாகாமலே போனது, பெண் எழுத்தாளர்களின் நூல்கள், பயண நூல்கள், தன்வரலாறுகள், சமையல், வைத்தியம், தொழில் பற்றிய பழைய நூல்கள்.

என்னென்ன வெளிவந்தன என்று தெரிந்துகொள்ள நல்ல மூலம் ஒன்று உண்டு. 1867ஆம் ஆண்டு அச்சக, நூல் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் அச்சான நூல்களைப் பதிவு செய்து, காலாண்டுப் பட்டியலாக அரசிதழோடு வெளியிட்டார்கள். ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி என்பதுவரை அதில் இருக்கும். அந்தப் பதிவுகளிலிருந்து தொகுத்த ‘தமிழ் நூல் விவர அட்டவணை’ தொகுதிகளைப் பெரிய நூலகங்களில் பார்க்கலாம்.

பிரதியைத் தேட வேண்டிய இடங்கள்: தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், புதுக்கோட்டையில் ஞானாலயா. இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளமும் உள்ளன. படியெடுக்க என்ன விதி, என்ன கட்டணம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுவதும் படித்து, சில வாரம் கழித்து இன்னொரு முறை படியுங்கள். கிடைக்காத நூல் கைக்கு வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் முதல் வாசிப்பில் எல்லாமே அருமையாகத் தெரியும். ‘அரியது’ என்பது வேறு, ‘நல்லது’ என்பது வேறு. இரண்டாம் முறையும் நூல் நின்றால் மேலே போங்கள்.

பட்டியலுக்கு ஒரு முகம் இருப்பது நல்லது. லண்டனில் 1990களின் இறுதியில் தொடங்கிய பெர்சிஃபோனி பதிப்பகம், மறக்கப்பட்ட நூல்களை, அதிலும் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பெண்கள் எழுதியவற்றைப் போடுகிறது. எல்லா நூலுக்கும் ஒரே சாம்பல் நிற அட்டை. ஆசிரியர் பெயரே கேள்விப்படாதவர்கள்கூடப் பதிப்பகத்தை நம்பி வாங்குகிறார்கள். மறக்கப்பட்ட நூலுக்கு ஆசிரியர் பெயர் விற்றுத் தராது. பதிப்பகத்தின் பெயர்தான் விற்றுத் தர வேண்டும்.

2. உரிமை

தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1லிருந்து 60 ஆண்டு உரிமை நீடிக்கும். வை.மு. கோதைநாயகி 1960இல் மறைந்தார். எனவே 1961 தொடங்கி 2020 டிசம்பர் 31 வரை உரிமை இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் அவர் வாழ்ந்த காலத்தில் வெளியானவை பொதுவுடைமை. ஆசிரியர் மறைந்த பிறகு முதன்முதலாக வெளியான எழுத்துக்கும், யார் எழுதியது என்று தெரியாத புனைபெயர் எழுத்துக்கும் கணக்கு வேறு: வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60. ஆனால் அந்த 60 ஆண்டு முடிவதற்குள் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று வெளிப்பட்டுவிட்டால், அவர் மறைந்த ஆண்டை வைத்தே கணக்கு.

தமிழ்நாட்டில் இன்னொரு வழி நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. பாரதியின் எழுத்துரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது இதற்கு முன்னோடி. உங்கள் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறாரா என்று தமிழ் வளர்ச்சித் துறையில் உறுதி செய்துகொள்ளுங்கள். செவிவழிச் செய்தியை நம்பி அச்சுக்குப் போக வேண்டாம்.

அடி சறுக்கும் இடங்கள் நான்கு.

முதலாவது, படங்கள். மூலப்பாடம் பொதுவுடைமை ஆனாலும் அதற்கு வரைந்த சித்திரங்கள் ஆகியிருக்காது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை. அவர் தொடர்களுக்கு வரைந்த ஓவியர் மணியம் மறைந்தது 1968இல்தான். பழைய அட்டைப்படத்தை அப்படியே எடுத்துப் போடுவதற்கு முன் ஓவியர் யார், எப்போது மறைந்தார் என்று பாருங்கள்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. மூல ஆசிரியருக்கு ஒரு கணக்கு, மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கணக்கு. இரண்டும் முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பிறருடைய உழைப்பு. இன்னொரு பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, அடிக்குறிப்பு, பொருட்குறிப்பு எல்லாம் அவருக்குச் சொந்தம். மூலப்பாடத்தை மட்டுமே நீங்கள் எடுக்கலாம். அதையும் அவருடைய பதிப்பிலிருந்து எடுக்காமல் பழைய அச்சிலிருந்து எடுங்கள்.

நான்காவது, வெளிநாடு. இலங்கையில் உரிமைக்காலம் 70 ஆண்டு. மின்னூலாக உலகம் முழுவதும் விற்கும்போது எந்தெந்த நாடு என்று கேட்கும் இடத்தில் ‘எல்லாம்’ என்று அழுத்திவிடாதீர்கள்.

உரிமை இன்னும் இருக்கிறதென்றால் வாரிசுகளைத் தேட வேண்டும். பழைய பதிப்பின் முகவரி, நூற்றாண்டு விழா மலர், ஊர்ப் பள்ளிக்கூடம், சாகித்திய அகாதெமியின் எழுத்தாளர் விவரத் தொகுப்பு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். ஒரு மகன் சரி என்றால் போதாது. உரிமை எத்தனை பேருக்கு உண்டோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கு மற்றவர்கள் கொடுத்த அதிகாரப் பத்திரம் வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எதற்குள் வெளியிட வேண்டும் என்று எழுதாமல் ஓராண்டு சும்மா இருந்தால் உரிமை திரும்பப் போய்விடும். மூன்றையும் வெளிப்படையாக எழுதுங்கள். உரிமத்தொகை விலையில் 10 சதவீதம் என்பது பரவலான வழக்கம். அச்சிட்ட பிரதிக்கா, விற்ற பிரதிக்கா என்பதையும் எழுதுங்கள். பின்னால் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

யாரையுமே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் சட்டத்தின் 31ஏ பிரிவில் கட்டாய உரிமம் கேட்க வழி உண்டு. முதலில் ஆங்கில நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, பிறகு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சிறு பதிப்பகத்துக்கு அந்தச் செலவு கட்டாது. வேறு நூலைப் பார்ப்பது மேல்.

3. எந்தப் பதிப்பை மூலமாகக் கொள்வது

ஒரே நூல் பத்திரிகையில் ஒரு மாதிரி, முதல் பதிப்பில் ஒரு மாதிரி, பிந்திய பதிப்பில் ஒரு மாதிரி இருக்கும். பொது விதி: ஆசிரியர் உயிரோடு இருந்தபோது அவரே பார்த்துத் திருத்திய கடைசிப் பதிப்பு. அவர் பார்த்தாரா என்பது முன்னுரையில் தெரியும். அவர் மறைவுக்குப் பின் வந்த பதிப்புகளை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பத்தி சேர்ந்திருக்கும், சொல் மாறியிருக்கும், சிலவற்றில் அத்தியாயமே போயிருக்கும். 2000இல் காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகள், ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தது, கதைகளைக் கால வரிசையில் வைத்து, பதிப்புக்குப் பதிப்பு மாறும் பாடவேறுபாடுகளையும் தந்தது. அந்த அளவு வேலை எல்லா நூலுக்கும் தேவைப்படாது. ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

பழைய பிரதியில் பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று முதல் வேலையாக எண்ணுங்கள். பக்க எண்ணோடு, ஃபாரம் எண்ணையும் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதியின் எண்) பாருங்கள். பல பழைய நூல்களில் 8 அல்லது 16 பக்கத்துக்கு ஒருமுறை அடியில் சிறிதாக இருக்கும். ஒரு தாள் கிழிந்து 2 பக்கம் போன பிரதியைத் தட்டச்சு செய்தால், முன்வாக்கியமும் பின்வாக்கியமும் எப்படியோ ஒட்டிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் அச்சாகிவிடும்.

தலைப்புப் பக்கத்தில் ஆங்கில ஆண்டு இல்லாமல் ‘பிலவ வருஷம்’ என்று மட்டும் இருந்தால் கவனம். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்: 1901, 1961, 2021. சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனியில் அச்சானது அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். அச்சகத்தின் பெயரையும் எழுத்து வடிவத்தையும் வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள்.

4. வருடல் (ஸ்கேன்)

தாளைத் தட்டையாக அழுத்தாதீர்கள். பழுப்பேறிய தாள் முதுகோடு உடையும். ‘வி’ வடிவத் தாங்கியில் பாதி திறந்து வைத்து, மேலிருந்து கேமராவால் எடுப்பதே நல்லது. எழுத்து உள்ள பக்கத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), பொடி எழுத்துக்கும் படத்துக்கும் 600. கறுப்பு வெள்ளை வேண்டாம், சாம்பல் நிலையில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் முதலில் காணாமல் போவது புள்ளி. புள்ளி போனால் தமிழில் பாதி போனது.

5. எழுத்தாக்கமும் அதன் பிழைகளும்

200 பக்கத்துக்குக் குறைவு என்றால் நல்ல தட்டச்சாளரிடம் கொடுப்பது பல நேரம் லாபம். அதற்கு மேல் என்றால் கூகுள் டிரைவின் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் கருவி) தமிழுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்திய அச்சில் அது குறிப்பிட்ட இடங்களில் தவறாமல் சறுக்கும். ணா, றா, னா ஆகியவை அப்போது கொம்பு வளைந்த தனி வடிவங்கள். லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்குத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. எழுத்துணரி அவற்றைத் தனக்குத் தெரிந்த எழுத்தாகப் படித்துக்கொள்கிறது:

‘நன்றாக’ என்பது ‘நன்ருக’ ஆகும். ‘கண்ணாடி’ என்பது ‘கண்ணுடி’. ‘ஆனால்’ என்பது ‘ஆஞல்’ அல்லது ‘ஆனல்’. ‘இல்லை’ என்பது ‘இல்லே’. ‘வேலை’ என்பது ‘வேலே’.

இவற்றில் சிலதைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம், சிலதைக் கூடாது. ‘ன்ரு’, ‘ற்ரு’ என்ற சேர்க்கை தமிழில் வராது. அவற்றை ‘ன்றா’, ‘ற்றா’ என்று ஒரே அடியாக மாற்றிவிடலாம். ‘ண்ணு’வைத் தொடாதீர்கள்: கண்ணுக்கு, எண்ணுகிறான் எல்லாம் கெட்டுவிடும். மிக ஆபத்தானது ‘லே’. உரையாடலில் ஒரு பாத்திரம் உண்மையிலேயே ‘இல்லே’ என்று பேசியிருக்கலாம். ‘வீட்டிலே’, ‘ஊரிலே’ என்பது அந்தக் கால நடை. மொத்தமாக மாற்றினால் ஆசிரியர் கேட்டு எழுதிய பேச்சுமொழி முழுக்க அழிந்துபோகும். ஒவ்வொன்றாக மூலத்தைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். வேறு வழியில்லை. (பெரியாரின் குடி அரசு இதழ் 1935இலிருந்தே சீர்திருத்த எழுத்தில் வந்ததால் அந்த அச்சு நூல்களில் இந்தத் தொல்லை குறைவு.)

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. ‘ௌ’ குறி வர வேண்டிய இடத்தில் ‘ள’ எழுத்து, துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’, தமிழ் எண் ௧ வர வேண்டிய இடத்தில் ‘க’, ௭ வர வேண்டிய இடத்தில் ‘எ’. அச்சில் வித்தியாசமே தெரியாது. மின்னூலில் தேடும்போது அகப்படாது. முழுக்க ஒருங்குறியிலேயே (யூனிகோட்) வேலை செய்யுங்கள். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்து பிறகு மாற்றினால் மேற்கோள் குறிகளும் ‘ஸ்ரீ’யும் முதலில் உடையும்.

6. மெய்ப்பு (பிழைதிருத்தம்): மூன்று சுற்று

முதல் சுற்று மூலத்தோடு ஒப்பிட. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை நிறுத்தக்குறி உட்பட உரக்கப் படிக்க, மற்றவர் தாளில் பார்க்க வேண்டும். தனியாகச் செய்தால் கண் தானாகவே வரியைத் தாண்டும். அடுத்தடுத்த இரண்டு வரி ஒரே சொல்லில் தொடங்கினால் நிச்சயம் ஒன்று விடுபடும்.

இரண்டாம் சுற்று மூலம் இல்லாமல், பொருளுக்காக, நூலை இதுவரை படிக்காத ஒருவர். ‘இங்கே ஒன்றும் புரியவில்லை’ என்று அவர் வட்டமிட்ட இடங்களைத் திரும்ப மூலத்தில் பாருங்கள்.

மூன்றாம் சுற்று பக்கவடிவமைப்புக்குப் பிறகு. வரி உடையும் இடங்கள் (புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது), பொருளடக்கத்தின் பக்க எண்கள், மேலே ஓடும் தலைப்பு, அத்தியாய எண் வரிசை.

இதற்கெல்லாம் முன்பே ஒரு நடை விதித்தாளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘வருஷம்’ அப்படியே இருக்கும், ‘வருடம்’ ஆகாது. ‘சந்தோஷம்’ ‘மகிழ்ச்சி’ ஆகாது. சந்தி சேர்ந்து நீண்ட சொற்களைப் படிக்க வசதியாகப் பிரிக்கலாம், சொல்லை மாற்றக் கூடாது. தெளிவான அச்சுப்பிழையைத் திருத்தலாம். பிழையா நடையா என்று ஐயம் வந்தால் விட்டுவிடுங்கள். இன்று நெருடும் சாதிப் பெயர்களும் வசைகளும் இருக்கும். அவற்றை வெட்டினால் அந்தக் காலமே பொய்யாகிவிடும்; வைத்துக்கொண்டு பதிப்புக் குறிப்பில் ஒரு வரி சொல்வது நேர்மை. எந்தப் பதிப்பைப் பின்பற்றினீர்கள், எதை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை என்று அந்தக் குறிப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். இந்த ஒன்றரைப் பக்கம் இல்லாத மறுபதிப்பை ஆய்வாளர் யாரும் நம்புவதில்லை, நம்பவும் வேண்டியதில்லை.

முன்னுரை எழுதுபவர் கதையின் முடிவைச் சொல்லிவிட்டால் அதைப் பின்னுரையாகக் கடைசியில் வையுங்கள்.

7. வடிவமைப்பும் அச்சும்

டெம்மி அளவு (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்) நாவலுக்கும் கட்டுரைக்கும் பொருந்தும். சிறு நூலுக்கு அதைவிடச் சிறிய கிரவுன் அளவு. எழுத்து 11 பாயிண்ட், வரி இடைவெளி 15; தைக்கும் பக்க ஓரத்தில் 20 மில்லிமீட்டராவது விடுங்கள். டெம்மியில் இந்த அளவுக்குப் பக்கத்துக்குச் சுமார் 220 சொல் வரும். 50,000 சொல் நாவல் 230 பக்கத்தை ஒட்டி நிற்கும். மொத்தப் பக்கம் 16இன் மடங்காக இருந்தால் ஆஃப்செட்டில் (தகடு செய்து பெரிய தாளில் அச்சிடும் முறையில்) தாள் வீணாகாது.

உள்தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), இளமஞ்சள் சாயல். அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். 60 ஜிஎஸ்எம்மில் மறுபக்க எழுத்து நிழலாடும். முதுகின் அகலத்தைக் கணக்குப் போட்டு ஊகிக்காதீர்கள். அதே தாளில் வெற்றுப் பிரதி ஒன்று கட்டித் தரச் சொல்லி அளந்து பாருங்கள், இல்லையென்றால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு நழுவும்.

500க்குக் கீழே என்றால் டிஜிட்டல் அச்சு, மேலே போனால் ஆஃப்செட். முதல் நூலுக்கு 300 போதும்.

ஐஎஸ்பிஎன் எண்ணை (நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்) டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாகக் கட்டணமின்றித் தருகிறது. அச்சுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். மெல்லிய அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் மூன்றுக்கும் தனித்தனி எண்.

8. விலை

ஒரு கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம். தட்டச்சு, மெய்ப்பு, அட்டை, வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கூலி பிரதிக்கு 90. விலை 360.

கடைக்கு 35 சதவீதக் கழிவு என்றால் 126 போகும். வாரிசுக்கு 36. அச்சுக்கூலி 90. மிச்சம் 108. நீங்களே நேரடியாக 10 சதவீதத் தள்ளுபடியில் விற்றால் 36 கழிவு, 36 உரிமத்தொகை, 90 அச்சு, மிச்சம் 198.

300 பிரதியில் 20 அன்பளிப்புக்கும் நூலகங்களுக்கும் போகட்டும். மீதி 280இல் பாதி கடை, பாதி நேரடி: 15,120 + 27,720 = 42,840. அன்பளிப்புப் பிரதியின் அச்சுக்கூலி 1,800 கழித்தால் 41,040. முதல் போட்டது 40,000. எல்லாப் பிரதியும் விற்றுத்தீர்ந்து மிஞ்சியது 1,040 ரூபாய், அதுவும் தபால் செலவைச் சேர்க்காமல். அதே நூலுக்கு 200 ரூபாய் விலை வைத்தால் கடை வழியாகப் போகும் பிரதிக்கு 20 ரூபாய்தான் நிற்கும். ‘வாசகருக்குக் குறைந்த விலையில்’ என்று தொடங்கிய நல்ல பதிப்பகங்கள் இரண்டாம் நூலைப் போட முடியாமல் போவது இங்கேதான்.

இந்தக் கணக்கிலிருந்து செய்ய வேண்டியது தெளிவு: நேரடி விற்பனையைக் கூட்டுங்கள். அச்சுக்கு முன்பே முன்பதிவு எடுங்கள். 80 பேர் முன்பணம் கட்டினால் அச்சுக்கூலியில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. சிறு பதிப்பகத்துக்கு ஆண்டின் பெரிய சந்தை அது. நூல் டிசம்பர் நடுவிலேயே கட்டி முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மாதம் எல்லா அச்சகத்திலும் வரிசை நிற்கும். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனாலேயே தாளுக்கும் அச்சுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அதையும் அடக்கவிலையில் சேருங்கள்.

9. வெளியான பிறகு

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் உங்கள் செலவில் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மைய நூலகம், டெல்லி பொது நூலகம். சிறு பதிப்பகங்கள் பல இதை விட்டுவிடுகின்றன. நீங்கள் தேடி அலைந்த அந்தப் பழைய பிரதி ஒரு நூலகத்தில் கிடைத்ததே இப்படி யாரோ ஒருவர் அனுப்பி வைத்ததால்கூட இருக்கலாம். மூலப்பிரதி கொடுத்து உதவிய நூலகத்துக்கும் தவறாமல் ஒன்று அனுப்புங்கள்.

ஒரு பிரதியின் அட்டையில் ‘திருத்தப்பிரதி’ என்று எழுதி மேசையில் வையுங்கள். வாசகர் சுட்டும் பிழைகளை எல்லாம், சொன்னவர் பெயரோடு, அதன் ஓரத்திலேயே குறியுங்கள். வேறொரு பழைய பதிப்பு பின்னால் கிடைத்தால் அதில் உள்ள வேறுபாடுகளும் அங்கேயே ஏறட்டும். அடுத்த அச்சுக்குப் போகும்போது கணினியில் உள்ள கோப்பை அப்படியே அனுப்பாமல் இந்தப் பிரதியைப் பார்த்துத் திருத்திய பிறகு அனுப்புங்கள். உரிமைப் பக்கத்தில், எழுத்துப்பிழை மட்டும் திருத்தியிருந்தால் ‘இரண்டாம் அச்சு’ என்றும், பாடமே மாறியிருந்தால் ‘இரண்டாம் பதிப்பு’ என்றும் பிரித்துப் போடுங்கள்.